வெளியார் தூண்டுதலா?

1921-ஆம் ஆண்டு சென்னை பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளில் மூண்ட வேலைநிறுத்தக் கொந்தளிப்பு வெளியார் தூண்டுதலேயன்றி வேறல்ல என்று சங்கரன்கோவில் கூட்டமொன்றில் நண்பர் ஒருவர் சாதித்தார். தறியோசை கேட்டு வளர்ந்த நம்மூரில் இவ்வபிப்பிராயத்துக்குக் கைதட்டலும் கிடைத்தது விசித்திரமே. யுத்தகால விலையேற்றத்தில் நொந்து, உச்சிவேளைக்குக் கிடைத்த அரைமணிக்குள் கையலம்பிச் சோற்றை விழுங்கி, மறுபடி தறிமுன் ஓடி நின்றவனுக்கு, அவனுடைய பசியை வேறொருவர் வந்து வியாக்கியானம் செய்ய வேண்டியிருந்ததா? வெளியாரென்று சுட்டப்படும், பின்னாளில் தொழிலாளர் சங்கத் தலைவரான பி. பி. வாடியாவும் தாமாக வந்தவரல்லர். ஆலைப் பகுதி வணிகர்களான செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் அவரைத் தேடிச் சென்றனர். அதன் பின்னரே 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது.

ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைநிறுத்தத்தில் சேராததும், ஆலைகளுக்கு அருகிலிருந்த புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்ததும் மறைக்கவொண்ணாத வெட்கக்கேடு. ஆயினும் அப்பிளவைக் கொணர்ந்தவர் எந்த வெளியார்? நம் தெருக்களிலேயே ஊட்டி வளர்க்கப்பட்ட சாதியன்றோ!

தொழிலாளர் கூடிப் பேசியதையே குற்றமாக்கி வாடியாமீது ஆலைகளை நடத்திய பின்னி கம்பெனி நீதிமன்றத் தடையுத்தரவு பெற்றதும், அத்தகைய வழக்குகளினின்று சங்கங்களைக் காக்க 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்ததும் நண்பர் அறியாதவையல்ல. அவற்றை மட்டும் அன்று அவர் மறந்துவிட்டார்.