காலை நீட்டப் பிறந்தவர் யார்?

"நமக்கெதற்கப்பா அந்த இடம்? அது பெரிய மனிதர்கள் உட்காருகிற இடம். நமக்கு ஓரமாய் ஓர் இடம் போதாதா?"

காஞ்சியிலே இன்று பல வீடுகளில் கேட்கும் குரல் இது. பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை படித்தான், பட்டம் பெற்றான், அமெரிக்காவிலே வேலை பார்க்கிறான். பேரக்குழந்தையைப் பார்க்க வாருங்கள் என்று தாய் தந்தையரை அழைக்கிறான். "நெடும் பயணம், அப்பா. படுத்துக்கொண்டே வரும்படி பிசினஸ் கிளாஸில் சீட்டு எடுக்கட்டுமா?" என்று கேட்கிறான். அதற்குத் தந்தை சொல்லும் பதில்தான் மேலே நாம் எழுதியது.

சிக்கனத்திலே பிறந்த பதிலாயிருந்தால் தலை வணங்குவோம். காசின் அருமை உழைத்தவனுக்குத்தானே தெரியும்! ஆனால் அந்தப் பதிலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள், தோழர்களே! 'விலை அதிகம்' என்றா சொல்கிறார்? 'பெரிய மனிதர்கள் உட்காருகிற இடம்' என்கிறார். கணக்குப் பார்த்துச் சொன்ன பதிலல்ல அது, கூசிக் குறுகிச் சொன்ன பதில். அந்தக் கூச்சத்தைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம்.

கூசுகிறவர் யார்? நாற்பதாண்டுக் காலம் குழித்தறியில் உட்கார்ந்தவர். தரையிலே குழி, குழியின் விளிம்பிலே பலகை, குழிக்குள்ளே கால், காலடியிலே மிதிகட்டை. கை நாடாவை வீச, கால் கட்டையை மிதிக்க, கண் பாவைப் பார்க்க, முதுகு மட்டும் சாயாமல், சாய இடமில்லாமல் வளைந்து கிடந்த மனிதர். கோர்வைச் சேலை என்றால் அவர் ஒருவர் போதாது. பக்கத்திலே இன்னொருவர் அமர்ந்து கரை நாடாவைத் தள்ளித் தரவேண்டும். ஒரு சேலைக்குப் பத்து நாளும் ஆகும், இருபது நாளும் ஆகும். அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு சீமாட்டிகள் விமானத்தின் மேல் வகுப்பிலே சாய்ந்து போகலாம்; நெய்தவர் சாய்ந்தால் மட்டும் அடுக்காதாம்! சரிகைக்கு அங்கே இடமுண்டு, சரிகை கோத்த கைக்கு இடமில்லை என்பது எந்த ஊர் நியாயம்?

இருக்கையின் கதை நமக்குப் புதிதல்ல. தேநீர்க் கடையிலே பெஞ்சு ஒருவனுக்கு, தரை ஒருவனுக்கு என்றிருந்த நாடு இது. கையிலே முதல் வகுப்புச் சீட்டு இருந்தும், தோலின் நிறம் சரியில்லை என்று 1893-இல் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் காந்தியாரை ரயிலிலிருந்து தள்ளியது உலகம். எல்லாச் சமூகத்தாருக்கும் உரிய இடம் வேண்டும் என்ற தீர்மானத்தோடு பெரியார் வந்ததும், அது ஏற்கப்படாமல் வெளியேறியதும் 1925-இல் இதே காஞ்சியில் கூடிய காங்கிரஸ் மாநாட்டிலேதான். அதே காஞ்சியிலே பிறந்த அண்ணா 1968-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்கு விருந்தினராய்ச் சென்றார். 'நமக்கெதற்கு அந்த இடம்' என்று காஞ்சி அன்று கூசவில்லை, நிமிர்ந்து பார்த்தது!

அப்படியிருக்க, விமானத்திலே ஒரு திரைச்சீலையைக் கண்டு கூசுவானேன்?

அந்தத் திரை எப்படி வந்தது தெரியுமா? பிரம்மாவின் முகத்திலே தோன்றியதல்ல, வேதத்திலே விதித்ததல்ல. முழுக் கட்டணம் கொடுத்த வியாபாரியும் தள்ளுபடிச் சீட்டு வாங்கிய உல்லாசப் பயணியும் ஒரே கூடத்தில் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். முழுக் கட்டணம் கொடுத்தவர் முணுமுணுத்தார். 1970-களின் இறுதியிலே அவருக்கென்று தனிப் பகுதி பிரித்தார்கள். அதற்குப் பிசினஸ் கிளாஸ் என்று பெயர் சூட்டினார்கள். 2000-ஆம் ஆண்டிலே பிரிட்டிஷ் ஏர்வேஸ் அந்தப் பகுதி இருக்கையை முழுதும் தட்டையான படுக்கையாக்கியது. மற்றக் கம்பெனிகளும் பின்தொடர்ந்தன. வியாபாரம் போட்ட பிரிவு இது. விலை கொடுத்தால் திறக்கும் கதவு. குலம் கேட்டுத் திறக்கும் கதவல்ல.

ஆகவே நாம் கூசவும் வேண்டாம், கும்பிடவும் வேண்டாம். அதே சமயம், அந்தப் பக்கம் இருப்பவர் இந்தப் பக்கத்தைப் பார்த்து இளக்காரம் பேசினால் கேட்டுக்கொண்டிருக்கவும் வேண்டாம். 2009-இல் மத்திய அரசு சிக்கனம் பேசியபோது, இனி மாட்டு வகுப்பிலா போவீர்கள் என்று சசி தரூரிடம் ஒருவர் கேட்டார். இணை அமைச்சராயிருந்த அவர், கேள்வியிலிருந்த சொல்லையே எடுத்து வேடிக்கையாய் விடையளித்தார். நாடெங்கும் கொதிப்பு எழுந்தது. அவரும் வருத்தம் தெரிவித்தார். அவரோடு நமக்கு இப்போது வழக்கில்லை. அந்தச் சொல் அவருக்கு முன்பே ஆங்கிலத்தில் புழங்கியது. குறைந்த கட்டணம் கொடுத்தவனை மாடென்று அழைக்கும் வழக்கம் ஒரு மொழியிலே ஊறிக் கிடக்கிறதே, அதைத்தான் சுட்டிக்காட்டுகிறோம்.

சரி, உடலின் கணக்குக்கு வருவோம். எகானமி வகுப்பிலே ஓர் இருக்கையின் முதுகுக்கும் அடுத்த இருக்கையின் முதுகுக்கும் இடையே பெரும்பாலும் 31, 32 அங்குலம். மேல் வகுப்பின் படுக்கையோ ஆறடியைத் தாண்டும். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால், கால் நரம்பிலே இரத்தம் உறைந்து கட்டும் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று 2007-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அஞ்ச வேண்டாம், அப்போதும் அது ஏறத்தாழ 6,000 பேரில் ஒருவருக்கு நேரக்கூடியதுதான். பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் அதே கணக்குத்தான். மேல் வகுப்பிலே அமர்ந்தவரும் ஆடாமல் அசையாமல் கிடந்தால் அவர் இரத்தம் சீட்டைப் பார்த்து உறையாமலிருக்காது! தறியிலே கால் மிதித்துக்கொண்டேயிருந்தது. விமானத்திலே கட்டுண்டு கிடக்கிறது. எனவே எந்த வகுப்பானாலும் அவ்வப்போது எழுந்து நடக்கவேண்டும், கணுக்காலைச் சுழற்றவேண்டும், தண்ணீர் குடிக்கவேண்டும்.

இனி, வாங்குவதென்று முடிவு செய்தவர்களுக்குச் சில வார்த்தை. மூன்று மடங்கு, நான்கு மடங்கு விலை கொடுக்கிறோம். சேலை வாங்க வருகிறவர் முந்தானையை விரித்துப் பார்ப்பதுபோல் விரித்துப் பார்க்கவேண்டாமா?

முதலாவது, எந்தத் துண்டுக்கு வாங்குவது? சென்னையிலிருந்து துபாய் ஏறத்தாழ நான்கு மணி. துபாயிலிருந்து நியூயார்க் ஏறத்தாழ பதினான்கு மணி. கையிலே ஒரு பங்குக்குத்தான் காசு என்றால் நீண்ட துண்டுக்கு வாங்குங்கள். அதிலும் இரவுப் பயணமாகப் பாருங்கள். சில கம்பெனிகள், எகானமிச் சீட்டு எடுத்தவரிடம், மேல் வகுப்பில் மீதமான இடத்துக்கு என்ன தருவீர்கள் என்று ஏலம் கேட்பதுண்டு. கேட்ட விலைக்குக் கிடைத்தால் இலாபம். கிடைக்காவிட்டால் பழைய இடம் இருக்கவே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவிலே பிரீமியம் எகானமி என்று ஒன்றும் உண்டு. படுக்க முடியாது, கொஞ்சம் தாராளமாய்ச் சாயலாம்.

இரண்டாவது, பெயரைக் கண்டு ஏமாறாதீர்கள். ஐரோப்பாவுக்குள்ளே குறுகிய தூரம் பறக்கும் விமானங்கள் பலவற்றில் பிசினஸ் கிளாஸ் என்பது சாதாரண இருக்கைதான்; நடு இருக்கையை மட்டும் காலியாக விடுவார்கள். பழைய விமானங்கள் சிலவற்றிலே படுக்கை சரிவாய் நிற்கும். படுத்தவர் இரவெல்லாம் சறுக்கிக்கொண்டேயிருப்பார். "முழுதும் தட்டையாகுமா? எழுந்தால் நேரே நடைவழியில் கால் வைக்கலாமா?" இந்த இரண்டு கேள்விக்கும் 'ஆம்' என்ற பதில் வராமல் பணத்தை எண்ணாதீர்கள்.

மூன்றாவது, இருக்கைப் படத்தைப் பாருங்கள். குறுக்கே ஒன்று, இரண்டு, ஒன்று என்று அடுக்கியிருந்தால் ஒவ்வொருவருக்கும் தனி வழி. இரண்டு, மூன்று, இரண்டு என்றிருந்தால் நடுவிலே மாட்டிக்கொள்கிறவர் நாலு மடங்கு கொடுத்தும் அடுத்தவர் காலைத் தாண்டவேண்டும். கணவன் மனைவி சேர்ந்து போனால் நடு இரட்டை நல்லது. இரவிலே இருமுறை எழுகிற முதியவருக்கு நடைவழி ஓரம். கழிப்பறைக்கும் சாப்பாடு எடுத்துவைக்கும் அடுக்களைக்கும் பக்கத்திலே வெளிச்சமும் சத்தமும் ஓயாது, தள்ளி எடுங்கள். காலை நுழைக்கும் பொந்து சில இருக்கைகளில் மிகக் குறுகல். பகுதியின் முதல் வரிசையில் அது பெரும்பாலும் அகலம். ஆனால் கைக்குழந்தைத் தொட்டிலை மாட்டுவதும் அங்கேதான், விசாரித்துக்கொள்ளுங்கள். ஆட்டம் குறைவாக வேண்டுமென்றால் இறக்கைக்கு நேரே.

எகானமியில் போகிறவருக்கும் தேர்வு உண்டு. அவசர வழி வரிசையிலே கால் நீளும். ஆனால் ஆபத்துக் காலத்தில் கதவைத் திறக்க வலுவுள்ளவரைத்தான் அங்கே அமர்த்துவார்கள். கடைசி வரிசை பல விமானங்களில் சாயாது. இதையெல்லாம் முன்கூட்டியே பார்த்து எடுப்பவன், சும்மா கொடுத்ததை வாங்கிக்கொள்பவனைவிட நன்றாய் உட்காருவான்.

ஒன்று மட்டும் கண்டிப்பாய்ச் சொல்கிறோம்: கடன் வாங்கிக் காலை நீட்டாதீர்கள்! ஓர் இரவுச் சுகத்துக்கு ஓராண்டு வட்டி கட்டுவது வீரமல்ல. காசு இருப்பவர் கூச்சத்தை விடட்டும். இல்லாதவர் ஏக்கத்தை விடட்டும்.

"அப்படியானால் பணமுள்ளவன் படுப்பான், இல்லாதவன் மடங்குவான், அவ்வளவுதானா உங்கள் நீதி?" என்று தோழர் ஒருவர் கேட்பார். கேட்கவேண்டிய கேள்வி. 2018-இல் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்கை அடுத்த நியூவார்க்குக்கு ஒரு விமானம் விட்டார்கள். பதினெட்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம். மொத்தம் 161 இருக்கை: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. எகானமி? ஒன்றுகூட இல்லை! பின்வரிசை கொடுத்தது போய், பின்வரிசையே இல்லாத விமானமும் வந்துவிட்டது.

ஆனால், தோழர்களே, வசதி என்பது மேலேயே தங்கிவிடும் பொருளல்ல. இழுத்தால் இறங்கி வரும். நம் ரயிலைப் பாருங்கள். மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974-இல் ஒழிந்தது. பெயர் போயிற்று, கட்டை போகவில்லை. ஏழை வெறும் பலகையிலேதான் படுத்தான். 1977-இல் ரயில்வே அமைச்சரான மது தண்டவதே அந்தக் கட்டையின்மேல் இரண்டு அங்குல மெத்தை போட வைத்தார். மேல் வகுப்பை அவர் இடிக்கவில்லை. கீழ் வகுப்பின் முதுகை நினைத்தார். அமெரிக்காவிலும் 2018-இல், விமான இருக்கைக்குக் குறைந்தபட்ச அளவை வகுக்கவேண்டுமென்று சட்டம் செய்தார்கள். 2022-இல் மக்கள் கருத்தைக் கேட்டார்கள். இதற்குக் குறைந்தால் மனிதன் உட்காரும் இடமல்ல என்றொரு கோடு நம் நாட்டு விமானங்களுக்கும் வேண்டும் என்று நாம் கேட்கிறோம். சொகுசு வேண்டுபவன் விலை கொடுக்கட்டும். முழங்கால் இடிக்காத இடம் சீட்டு வாங்கிய ஒவ்வொருவனுக்கும் உரியது.

அப்பாவுக்குப் படுக்கை இருக்கை எடுக்கும் பிள்ளைக்கும் ஒரு சொல். அவர் உன்னிடம் வந்து சேர ஓர் இரவு படுத்து வருவார், நன்று. அவர் எழுந்த பலகையிலே இன்றைக்கு இன்னொருவர் அமர்ந்திருக்கிறார், அதே வளைந்த முதுகோடு. அந்தப் பலகைக்கு ஒரு மெத்தை, அந்தக் குழிக்குப் போதிய வெளிச்சம், அந்த வேலைக்கு முதுகு ஆற அவகாசம் கிடைக்கும் கூலி. வானத்திலே இருக்கை தேடும் நாம், தரையிலே உள்ள இந்த இருக்கையையும் தேடிப் பார்ப்போம்!