ஸ்டோர் ரூமிலும் நடக்கிறது சிகிச்சை

அக்குள் கட்டையின் நுனியில் ஒரு ரப்பர் புஷ் இருக்கும். அன்றாடம் கட்டையூன்றி நடப்பவருக்கு அது தேய்ந்துகொண்டே வந்து, ஒருநாள் உள்ளிருக்கும் குழாயின் விளிம்பு வெளியே தெரியும். அந்தக் கட்டையை ஈரமான டைல்ஸ் தரையில் ஊன்றினால் வழுக்கும். ஒரு காலை இழந்தவர் விழுந்து இடுப்பெலும்பும் முறிந்தால், பல மாதப் பயிற்சி ஒரே நாளில் பாழாகிவிடும். புஷ்ஷின் விலை மிகச் சொற்பம். ஆனாலும் தேவைப்படும்போது அது ஸ்டோரில் இருப்பதில்லை. கட்டைகளை ஜோடி ஜோடியாக வாங்க ஆர்டர் போடுகிறோம். தேயப்போகும் புஷ்ஷுக்கு அதில் ஒரு வரி எழுத மறந்துவிடுகிறோம்.

இந்த மறதிக்கு யாரோ ஒருவர் மட்டும் காரணமல்ல. அதனாலேயே இதைச் சரிசெய்வதும் ஒருவரால் ஆகிற காரியமல்ல.

புனர்வாழ்வு மருத்துவம் என்றதும் மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், செயற்கைக் கால் செய்யும் தொழில்நுட்பர் ஆகியோர் நினைவுக்கு வருகிறார்கள். இண்டெண்ட் என்னும் தேவைச் சீட்டை வாங்கி, டெண்டர் ஆவணம் தயாரித்து, வந்த சரக்கை எண்ணிப் பதிவேட்டில் ஏற்றும் ஸ்டோர் கீப்பரை யாரும் நினைப்பதில்லை. வசதி குறைந்த சூழல்களில் சக்கர நாற்காலி வழங்குவது குறித்து உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டி, அந்தச் சேவையை எட்டுப் படிகளாகப் பிரிக்கிறது. முதல் மூன்றும் பரிந்துரை, பரிசோதனை, தேர்வு. நான்காவது படி நிதி ஏற்பாடும் ஆர்டர் போடுவதும். பொருத்துதல், பயிற்சி, பழுதுபார்த்தல் எல்லாம் அதற்குப் பிறகுதான். நான்காவது படி இடறினால் மேலே செய்ததற்கும் பயனில்லை, கீழே செய்யவும் வழியில்லை.

மருந்துக் கொள்முதலில் தமிழ்நாடு மற்ற மாநிலங்களுக்கு வழிகாட்டியது. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொழில்நுட்பத் தகுதிக்கு ஓர் உறை, விலைக்கு ஓர் உறை என்று இரண்டு உறை டெண்டரைக் கொண்டுவந்தது. மருந்துகளை ஆய்வகச் சோதனைக்கு அனுப்பிய பிறகே விநியோகித்தது. மாவட்டக் கிடங்குகளை அமைத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்து, அதன் ஒதுக்கீட்டுக்குள் தேவையானதை எடுத்துக்கொள்ளச் சொன்னது. கேரளமும் ராஜஸ்தானும் பின்னர் இதே வழியில் கழகங்களை அமைத்தன. 1998இன் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் சேர்ந்ததால், அரசுக் கொள்முதலுக்கு இங்கே ஓர் ஒழுங்கு உண்டு. அதைத் தளர்த்தக் கூடாது.

ஆனால் பாராசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரை யார் விழுங்கினாலும் ஒன்றுதான். புனர்வாழ்வுப் பொருட்களில் பல அப்படியல்ல. இன்னாருக்கு என்று அளவு பார்த்து வாங்க வேண்டியவை. அதைவிடப் பெரிய சிக்கல், அளவெடுத்த நாளுக்கும் பொருள் வந்து சேரும் நாளுக்கும் இடையில் உடல் மாறிவிடுகிறது. கால் எடுக்கப்பட்டவரின் மீதிக்கால் முதல் சில மாதங்களில் சுருங்கிக்கொண்டே வரும். செயற்கைக் காலில் மீதிக்கால் நுழையும் சாக்கெட்டுக்கு இன்று அளவெடுத்து, அதற்கு வேண்டிய பாலிபுரோப்பிலீன் ஷீட் மூன்று மாதம் கழித்து வந்தால், மறுபடி அளவெடுக்க வேண்டும். பிறவியிலேயே பாதம் வளைந்த குழந்தைக்கு மாவுக்கட்டு போட்டு நேராக்கிய பின், முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம் பட்டை பூட்டிய காலணி அணிவிக்க வேண்டும். அடுத்த சைஸ் வரத் தாமதமானால் பாதம் பழையபடி திரும்பத் தொடங்கும். தாமதமாக வந்த சரியான பொருளும் தவறான பொருளாகிவிடும் துறை இது.

ஆகவே வேலை டெண்டர் திறக்கும் நாளில் தொடங்குவதில்லை. தேவையை எழுதும் நாளிலேயே தொடங்குகிறது. "சக்கர நாற்காலி, மடக்கக்கூடியது, பெரியவர்களுக்கானது" என்று ஒற்றை வரியில் இண்டெண்ட் வந்தால், அந்த வரிக்குள் அடங்கும் மிக மலிவான நாற்காலிதான் வரும். கைப்பிடி கழற்ற முடியாததாக இருக்கும். முதுகுத்தண்டு அடிபட்டவர் கட்டிலிலிருந்து பக்கவாட்டில் நகர்ந்து ஏற முடியாது. குஷன் இருக்காது. உணர்வற்ற இடுப்பு வெறும் ரெக்சின் மீது மணிக்கணக்கில் அழுந்தினால் படுக்கைப்புண் வரும். அது ஆற வாரங்களோ மாதங்களோ ஆகும். ஆண்டிபயாடிக், டிரெஸ்ஸிங், படுக்கை, உடனிருப்பவர் இழக்கும் கூலி எல்லாவற்றையும் கூட்டினால், மிச்சப்பட்டதாகக் கணக்கில் காட்டிய குஷன் பணம் எந்த மூலைக்கு? சப்ளையர் எழுதியதைக் கொடுத்தார். எழுதியதற்குப் பொருந்திய சரக்கை ஸ்டோர் கீப்பரால் திருப்பி அனுப்ப முடியாது. அனுப்பினால் தணிக்கையில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். பிழை அந்த ஒற்றை வரியில் இருக்கிறது.

எனவே சிகிச்சையாளர்களுக்கு முதல் வேண்டுகோள்: சீட்டின் அகலம், எடை, கைப்பிடி, குஷன், உதிரிபாகம், எத்தனை பேர், எப்போதைக்குள் என்று இண்டெண்டை முழுதாக எழுதுங்கள். வெள்ளிக்கிழமை மாலை "அவசரம்" என்று சீட்டு அனுப்புவது கொள்முதல் ஆகாது.

ஸ்டோர் பணியாளர்களுக்கு: கத்தீட்டர், யூரின் பேக், மாவுக்கட்டு போன்றவற்றில் இருப்பு எந்த அளவுக்கு இறங்கினால் மறு ஆர்டர் போட வேண்டும் என்று சிகிச்சையாளருடன் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். முதலில் காலாவதியாகப் போவது முதலில் வெளியே போகட்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் மாவுக்கட்டுப் பெட்டிகள் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் விலகி இருக்கின்றனவா என்று பாருங்கள். ஈரம் குடித்த மாவு சரியாக இறுகாது. மாதம் ஒரு முறை வார்டுக்கும் பயிற்சிக் கூடத்துக்கும் போய், வாங்கிக் கொடுத்த பொருள் எப்படிப் பயன்படுகிறது என்று நேரில் பாருங்கள்.

கொள்முதல் குழுக்களுக்கு: மாதிரியை மேசையில் வைத்துப் பார்த்தால் போதாது. அதைப் பயன்படுத்துபவர் உட்கார்ந்து, ஓட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் புனர்வாழ்வு மருத்துவத் துறையை வழிநடத்திய டாக்டர் மேரி வர்கீஸ், 1954இல் நடந்த விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருந்தவர். பயன்படுத்துபவரின் அறிவுக்கு இத்துறையில் என்ன இடம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. தணிக்கையாளர்களும் வாங்கிய விலையோடு நிற்காமல், பொருள் எத்தனை காலம் உழைத்தது, உதிரிபாகம் கிடைத்ததா என்றும் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால், தரத்துக்காக நியாயமான காரணத்தைப் பதிவு செய்யும் அதிகாரிக்குப் பயம் குறையும்.

பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் சக்கர நாற்காலி கொடுக்கும் நல்ல மனங்கள் நம் ஊர்களில் நிறைய. அவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: வாங்கும் முன் புனர்வாழ்வு மையத்தின் தேவைப் பட்டியலைக் கேளுங்கள். ஒரே சைஸில் வந்து இறங்கும் பத்து நாற்காலிகளை விட, ஒரு குழந்தையின் உடம்புக்கேற்ற ஒரு நாற்காலியும் சில டயர், டியூப், பிரேக் செட்டுகளும் அதிகம் உதவும். போட்டோவில் டியூப் எடுபடாமல் போகலாம். ஆனால் நாற்காலி ஓடும்.

குடும்பங்களுக்கும் பங்கு உண்டு. குழந்தை வளர்ந்துவிட்டதால் பரணில் ஏறிய வாக்கரையும், தாத்தா காலமான பின் மூலையில் கிடக்கும் காற்று மெத்தையையும் மையத்திடம் ஒப்படையுங்கள். மையங்கள் அவற்றைச் சுத்தம் செய்து, சோதித்து, தனிப் பதிவேட்டில் ஏற்றி, அடுத்தவருக்குக் கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டும்.

உலகில் 250 கோடிக்கும் மேற்பட்டோருக்கு ஏதேனும் ஓர் உதவிக் கருவி தேவைப்படுகிறது, அவர்களில் ஏறத்தாழ 100 கோடிப் பேருக்கு அது கிட்டவில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2022இல் சொல்லின. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 24வது பிரிவு, வருமான வரம்புக்கு உட்பட்டு உதவிக் கருவிகளை இலவசமாக வழங்குவதை அரசின் சமூகப் பாதுகாப்புத் திட்டங்களில் சேர்த்திருக்கிறது. 2021இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் பிசியோதெரபியை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. சட்டமும் திட்டமும் இருக்கின்றன. அவை ஒருவரின் கைக்கும் காலுக்கும் போய்ச் சேருவதற்கான வழி ஸ்டோர் வழியாகத்தான் போகிறது.

ஒவ்வொரு புனர்வாழ்வு மையத்திலும் சிகிச்சையாளர், ஸ்டோர் கீப்பர், கணக்குப் பிரிவு, பயன்படுத்துவோரின் பிரதிநிதி ஆகிய நால்வரும் மாதம் ஒருமுறை ஒரு மேசையில் உட்காரட்டும். புது நிதியோ புதுச் சட்டமோ இதற்குத் தேவையில்லை. இந்த மாதமே தொடங்கலாம், தொடங்குவோம்.