முரசில் இரத்தம் கசிந்தால்

சகோதரிகளே, பல் துலக்கும்போது முரசில் இரத்தம், சிறிதாய் இடிபட்டாலும் தோல் கண்டிப்போதல் என்றால் பல் வைத்தியரோடு நின்றுவிடாதீர்கள், ஈரலையும் யோசியுங்கள்.

இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களில் பெரும்பாலானவற்றை ஆக்குவது ஈரல்தான். உறைந்த கட்டியைக் கரைக்கும் பொருளை அளவோடு வைத்திருப்பதும் அதுவே. ஈரல் இறுகிச் சுருங்கினால் அந்தக் கரைப்பான் கழிபடாமல் தேங்கும். அதைத் தடுக்கும் புரதமோ குறையும். நோய் முற்ற முற்ற இந்தக் குழப்பமும் கூடும். கிளினிக்கில் வழக்கமாகப் பார்ப்பது உறைய எடுக்கும் நேரத்தை. துண்டில் ஐ.என்.ஆர். என்றிருக்கும், சுகதேகிக்கு அது 1 அளவில் இருக்கும்.

குடிகாரருக்குத்தான் ஈரல் கெடும் என்பது எங்களூர்க் கதை. ராகமையில் 2007இல் 35–64 வயதினரைப் பரிசோதித்தபோது, குடியால் வராத ஈரல் கொழுப்பு ஏறத்தாழ மூன்றிலொருவருக்கு இருந்தது. நீரிழிவும் பருமனும் அதற்குத் துணை. "இவளும் கள்ளுக் குடிக்கிறவளோ?" என்ற பேச்சுக்கு அஞ்சிப் பெண்கள் கிளினிக்கைத் தவிர்ப்பதைக் காணும்போது எனக்குக் கோபந்தான் வருகிறது.

ஈரல் நோயாளிக்கு வைத்தியரைக் கேளாமல் கடையில் நோவுக் குளிசை வாங்கிக் கொடுக்காதீர்கள். மலம் தார்போல் கறுத்தாலோ, இரத்தமாய்ச் சத்தியெடுத்தாலோ விடியும்வரை பார்த்திராமல் 1990க்கு அழையுங்கள், அம்புலன்சுக்குக் காசில்லை.