கையெழுத்து யார் போடுவது?

மலேசியாவில் குடியேறப் போகிறோம், மகனின் பயணப் பத்திரங்களில் உங்கள் கையெழுத்து வேண்டும் என்று 2019-ல் ஒருவரிடம் அவருடைய முன்னாள் மனைவி கேட்டார். மகன் யாரிடம் வளர்வது என்ற கேரளத்து வழக்கு ஒன்று அங்கேதான் பற்றிக்கொண்டது. பையன் 2012-ல் பிறந்தவன். அவன் கைக்குழந்தையாக இருந்தபோதே பெற்றோர் பிரிந்தார்கள். 2015-ல் பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து. மகன் தாயிடம் வளர்வான், தந்தை வந்து பார்த்துப் போகலாம் என்று பேசி முடித்தார்கள். அடுத்த ஆண்டே தாய் மறுமணம் செய்துகொண்டார். புதுக் கணவருக்கு முதல் திருமணத்தில் இரண்டு பிள்ளைகள். பிறகு இவர்களுக்கும் ஒன்று பிறந்தது.

தந்தைக்கு ஆத்திரம் வரக் காரணம் இருந்தது. மகன் எங்கே இருக்கிறான் என்பதே பல நாள் தெரியவில்லை என்றார். தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் மதம் மாற்றியிருக்கிறார்கள் என்றார். மகனைத் தன்னிடம் தரக் கேட்டு, குடும்பநல நீதிமன்றத்தில் தோற்று, 2023-ல் உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார். 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

பையன் ஒடிந்துபோனது அதற்குப் பிறகு. அம்மாவை விட்டுப் போக வேண்டும் என்ற பயம் நோயாகவே முற்றும் ஆபத்து இருப்பதாக வேலூர் சி.எம்.சி. மனநல மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அந்த அறிக்கைகளோடு தாய் சீராய்வு மனு போட்டார்.

சீராய்வு மனு என்பது பெரும்பாலும் நீதிபதிகளின் அறைக்குள்ளேயே தள்ளுபடியாகிப்போகும் சமாசாரம். இது தப்பித்தது. 2025 ஜூலை 15 அன்று விக்ரம் நாத், பி.பி. வராலே அமர்வு பழைய உத்தரவை விலக்கி, பையனைத் தாயிடமே விட்டது. பெற்ற தந்தையை அவன் பார்த்ததே சில முறைதான். மாற்றாந்தந்தையையும் தம்பியையும்தான் தன் சொந்தக் குடும்பமாக நினைக்கிறான் என்பதை நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. தந்தையையும் கைவிடவில்லை: நேரில் சந்திப்பு, வாரநாட்களில் வீடியோ அழைப்பு, கூடவே மனநல ஆலோசனை.

ஒன்பது வருடம் ஒரே கூரைக்குக் கீழே வளர்ந்திருக்கிறான். அதுதான் அவன் வீடு என்பதை நிரூபிக்க மருத்துவச் சான்றிதழ் தேவைப்பட்டிருக்கிறது.

தாய் மறுமணம் செய்துகொண்டார் என்பதற்காகக் குழந்தையைப் பறிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2006-லேயே, லேகா - அனில்குமார் வழக்கில் சொல்லிவிட்டது. ஆனாலும் எதிர்த்தரப்பு வக்கீலின் வாயிலிருந்து முதலில் வருவது அந்த இரண்டாவது கல்யாணம்தான். ‘முன்பின் தெரியாத ஆள் இருக்கிற வீட்டில்...’ என்று ஆரம்பிப்பார்கள். தந்தை மறுமணம் செய்திருந்தால் ‘மாற்றாந்தாய் கொடுமை’ என்று அதே வாதம் திரும்பும்.

சட்டமும் அந்த ஆளை உள்ளே விடுவதில்லை. இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் வந்தது 1956-ல். அதன் 6-வது பிரிவுக்குக் கீழே ஒரு விளக்கக் குறிப்பு இருக்கிறது: தந்தை, தாய் என்பதில் மாற்றாந்தந்தையும் மாற்றாந்தாயும் சேரமாட்டார்கள். பள்ளிக்கட்டணம் கட்டுபவர், காய்ச்சல் வந்தால் ராத்திரி ஆட்டோ பிடிப்பவர், பெற்றோர் சந்திப்பில் போய் உட்காருபவர் என எல்லாம் அவராகவே இருக்கலாம். சட்டம் சொல்லும் இயற்கைக் காப்பாளர் மட்டும் அவர் இல்லை.

இன்னொரு வழக்கு ஆந்திரத்தில். கணவர் இறந்தபின் மறுமணம் செய்த பெண்ணிடம், மகனின் ஆவணங்களில் இரண்டாவது கணவரின் பெயரை ‘மாற்றாந்தந்தை’ என்றே குறிக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த எழுத்து குழந்தையை என்ன பாடுபடுத்தும் என்று யோசிக்காத கொடுமை இது என்ற தொனியில் 2022-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்த மகனை மாற்றாந்தந்தை 2019-லேயே முறைப்படி தத்தெடுத்திருந்தார். பெற்ற தந்தை உயிரோடு இல்லாததால் அது சுலபமாக முடிந்தது.

விவாகரத்தான குடும்பத்தில் அந்தக் கதவு இவ்வளவு லேசாகத் திறக்காது. மாற்றாந்தந்தை தத்தெடுக்க, பெற்ற தந்தையின் சம்மதம் வேண்டும். வருடக்கணக்கில் கோர்ட்டில் எதிரெதிரே நின்ற மனிதர், மகனை இன்னொருவருக்குத் தர எதற்காகக் கையெழுத்துப் போடுவார்? போடச் சொல்லிக் கேட்பதும் நியாயமில்லை. ஆகவே அந்தக் கேரளத்து வீட்டில் மாற்றாந்தந்தையும் பையனும் தத்தெடுக்காத அப்பாவும் மகனுமாகவே இருந்துவிட்டுப் போவார்கள்.