நம்ம ஊர் டீமுக்கு யார் கைதட்டுவா?

ஹாஸ்டல்ல ரூம் ரூமா போய்க் கேட்டுப் பாருங்க. ஒருத்தன் மான்செஸ்டர் யுனைடெட், ஒருத்தன் லிவர்பூல், எதிர் ரூம்ல ரியல் மாட்ரிட், அதுக்கு அடுத்த ரூம்ல "மெஸ்ஸி எங்க இருக்காரோ அதுதான் நம்ம டீம்". சாம்பியன்ஸ் லீக் நைட்னா ராத்திரி ஒன்றரை மணிக்கும் முழிச்சிருப்போம். மறுநாள் முதல் ஹவர்ல கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்குவோம். இதுல தப்பு ஒண்ணும் இல்ல. நல்ல ஆட்டத்தை யார் ஆடினாலும் பார்க்கலாம்.

ஆனா அதே ரூம்ல இன்னொரு கேள்வி கேளுங்க: "மாப்ள, உங்க ஊர்ல ஃபுட்பால் டீம் இருக்கா? கடைசியா அவங்க யார்கூட ஆடினாங்க?" பெரும்பாலும் பதில் வராது. சின்னமனூரோ, கம்பமோ, போடியோ, உத்தமபாளையமோ, எந்த ஊர்ப் பையனா இருந்தாலும் இதே கதைதான்.

நான் சொல்ல வர்றது ரொம்பச் சின்ன விஷயம். பெரிய கிளப்பை விட வேண்டாம். கூடவே ஒரு சின்ன கிளப்பையும் பிடிச்சுக்கோங்க. அது ஊருக்குச் செய்யுற சேவைன்னு நினைச்சுச் செய்யாதீங்க, ரெண்டு வாரத்துல அலுத்துரும். அதுல இருக்கிற சந்தோஷத்துக்காகச் செய்யுங்க. அந்தச் சந்தோஷம் டிவியில கிடைக்காது.

கத்தினா கேட்கும்

முதல் சந்தோஷம் இதுதான். ஆன்ஃபீல்டுல நடக்கிற மேட்ச்சுக்கு நீங்க இங்க எவ்வளவு கத்தினாலும் பக்கத்து ரூம்காரன்தான் வந்து கதவைத் தட்டுவான். நம்ம ஊர் கிரவுண்டுல "அண்ணே, பின்னாடி ஆள் வர்றான்!"னு கத்தினா அந்த அண்ணன் திரும்பிப் பார்த்து பாலை மாத்திக் கொடுப்பார். அந்தப் பாஸ்ல உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கு.

அந்த அண்ணன் யாரு? காலையில ஏலக்காய்க் கடையில மூட்டை எடை போட்டவரா இருக்கலாம். திராட்சைத் தோட்டத்துல மருந்தடிச்சுட்டு நேரா கிரவுண்டுக்கு வந்தவரா இருக்கலாம். மறுநாள் டீக்கடையில அவரைப் பார்த்து "அந்த பெனால்டியை ஏண்ணே மேல அடிச்சீங்க?"ன்னு கேட்கலாம். அவரும் பதில் சொல்வார். எந்தப் பெரிய கிளப் ரசிகனுக்கும் இந்த வசதி கிடையாது.

அப்புறம் நம்ம காத்து. ஆனி, ஆடியில இந்தப் பள்ளத்தாக்குல காத்து எப்படி அடிக்கும்னு உங்களுக்கே தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலை இடைவெளி வழியா வர்ற காத்தை நம்பித்தான் தேனியைச் சுத்தி காத்தாடிகளையே நட்டு வெச்சிருக்காங்க. அந்தக் காத்துல கோல்கீப்பர் அடிச்ச கிக் பாதி வழியில நின்னு யோசிச்சுட்டுத் திரும்பி வரும். டாஸ் ஜெயிச்ச கேப்டன் எந்தப் பக்கம் எடுக்கிறார்ங்கிறதுலயே பாதி மேட்ச் முடிஞ்சிரும். இந்த டாக்டிக்ஸ் எந்த யூடியூப் சேனல்லயும் வராது.

பக்கத்துலயே ஒரு சாம்பியன்

"சரி பாஸ், ஆனா லெவல் கம்மியா இருக்கே"ன்னு ஒரு பேச்சு வரும். அதுக்கு நம்ம வீட்டுப் பக்கத்துலேயே பதில் இருக்கு. தேனியில இருந்து 75 கிலோமீட்டர் சுமாருக்கு மதுரை. அந்த மதுரையில 2016-ல ஒரு கிளப் தொடங்கினாங்க, பேரு சேது எஃப்சி. பெண்கள் அணி. 2019 மே மாசம் லூதியானாவுல நடந்த ஃபைனல்ல மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 கணக்குல தோற்கடிச்சு இந்தியன் விமன்ஸ் லீக் சாம்பியன் ஆனாங்க. இந்தியப் பெண்கள் ஃபுட்பால்ல மணிப்பூர்னா என்னன்னு தெரிஞ்சவங்களுக்கு அந்த ஸ்கோரோட மதிப்பு புரியும். தொடங்கி மூணே வருஷத்துல நடந்தது இது.

நேபாளத்தோட ஸ்டார் ஸ்ட்ரைக்கர் சபித்ரா பண்டாரி அந்த அணியில ஆடியிருக்காங்க. கடலூர் மாவட்டத்துல இருந்து வந்து இந்திய அணியோட மிட்ஃபீல்டரா வளர்ந்த இந்துமதி கதிரேசனும் ஆடியிருக்காங்க. 2018-லயும் 2023-லயும் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி தேசிய சாம்பியன்ஷிப் ஜெயிச்சிருக்கு. அதாவது லெவல் இருக்கு. பார்க்க ஆள்தான் இல்ல.

2022 மே 26 நினைவு இருக்கா? மதுரை - தேனி அகல ரயில் பாதையைத் தொடங்கி வெச்ச நாள். பல வருஷம் ரயில் இல்லாம இருந்த நம்ம ஊருக்கு அது திருவிழா மாதிரி. அதே நாள் புவனேஸ்வர்ல இன்னொரு விஷயமும் நடந்துச்சு. இந்தியன் விமன்ஸ் லீக் கடைசி ரவுண்டு. சேது எஃப்சியும் கேரளாவோட கோகுலம் அணியும் அதுவரை ஆடின 10 மேட்ச்சையும் ஜெயிச்சிருந்தாங்க. 11-வது மேட்ச்ல நேருக்கு நேர் மோதினாங்க. சேது முதல்ல கோல் போட்டும் 1-3ன்னு தோத்து ரெண்டாவது இடம். ஒரு ஃபுட்பால் ரசிகனுக்கு இதை விடப் பெரிய த்ரில்லர் வேணுமா? நம்ம பக்கத்து ஊர் டீம், நாட்டோட சாம்பியன்ஷிப், கடைசி நாள். நம்ம வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல எத்தனை பேர் அதைப் போட்டோம்?

இதுல ரசிகர்களை மட்டும் குத்தம் சொல்லவும் முடியாது. அந்த லீக் ரொம்ப வருஷம் ஒரே ஊர்ல எல்லா டீமையும் கூட்டி வெச்சு சில வாரத்துல முடிக்கிற மாதிரிதான் நடந்துச்சு. 2019 லூதியானா, 2020 பெங்களூரு, 2022 புவனேஸ்வர், 2023 அகமதாபாத். மதுரை டீம் சாம்பியன் ஆச்சு, ஆனா அதை மதுரைக்காரங்க நேர்ல பார்க்க வழியில்ல. சொந்த ஊர்ல ஆடாத டீமுக்கு எப்படிக் கூட்டம் சேரும்? 2023-24 சீசன்லதான் சொந்த ஊர், எதிரணி ஊர்னு மாறி மாறி ஆடுற முறையே வந்துச்சு. ஒரு கிளப்புக்கு கோப்பையை விட முதல்ல தேவை ஒரு கிரவுண்டும், அதைச் சுத்தி நிக்க நாலு பேரும்.

கோப்பை மட்டும் காப்பாத்தாது

கோப்பை இருந்தும் காணாமப் போன கதை ஒண்ணு இருக்கு. 2019 மார்ச் 9, கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். சென்னை சிட்டி எஃப்சி, மினர்வா பஞ்சாப் அணியை 3-1ன்னு ஜெயிச்சு ஐ-லீக் சாம்பியன். ரெண்டாவது வந்தது ஈஸ்ட் பெங்கால், நூறு வருஷப் பாரம்பரியம் உள்ள கிளப். வித்தியாசம் ஒரே ஒரு பாயின்ட். கொல்கத்தாவைக் கோவை ஜெயிச்ச நாள் அது. அதே வருஷம் ஸ்விட்சர்லாந்தோட பாசல் கிளப் இதுல பங்கு வாங்கினாங்க. எல்லாம் நல்லாத்தான் போச்சு.

2020-21 சீசனுக்கு அப்புறம் ஐ-லீக்ல அந்தப் பேரே இல்ல. ரெண்டே வருஷம். பேர் சென்னை, ஆடினது கோவையில, முடிவெடுத்தது வேற எங்கயோ. ஸ்டேடியத்துல கத்தின பசங்களுக்கு அந்த கிளப்போட எதிர்காலத்துல ஒரு ஓட்டுகூடக் கிடையாது.

இதோட எதிர்ப்பக்கத்தை லண்டன்ல பார்க்கலாம். 2002-ல விம்பிள்டன் கிளப்பை அங்கிருந்து தூக்கி மில்டன் கீன்ஸ்ங்கிற வேற ஊருக்குக் கொண்டுபோக அனுமதி கொடுத்துட்டாங்க. ரசிகர்கள் என்ன பண்ணாங்க தெரியுமா? "டீம் போனா போகட்டும், நாங்க இங்கதான் இருக்கோம்"னு அவங்களே ஏஎஃப்சி விம்பிள்டன்னு புது கிளப் தொடங்கினாங்க. ஊர்ப் பொது மைதானத்துல ஆள் எடுக்க ட்ரையல்ஸ். ஒன்பதாவது டிவிஷன்ல இருந்து ஆட்டத்தை ஆரம்பிச்சு, 2011-ல ஃபுட்பால் லீக்குக்குள்ள வந்துட்டாங்க. 2020-ல பழைய இடமான பிளவ் லேனுக்கே புது ஸ்டேடியத்தோட திரும்பினாங்க. கிளப் இன்னைக்கும் ரசிகர்கள் கையிலதான்.

ரெண்டு கதையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஒரு இடத்துல கோப்பை இருந்துச்சு, கிளப்பைத் தாங்கிப் பிடிக்கிற ஊர் இல்ல. இன்னொரு இடத்துல கிளப்பே இல்ல, ஊர் இருந்துச்சு. கடைசியில நின்னது எதுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

நம்மால முடியாதா?

"அதெல்லாம் லண்டன், இது தேனி"ன்னு சொல்றவங்க ஒரு தடவை மே மாசம் பெரியகுளத்துக்குப் போய்ப் பாருங்க. அங்க சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்துற அகில இந்திய பாஸ்கெட்பால் போட்டி 60 வருஷத்தைத் தாண்டி நடந்துக்கிட்டிருக்கு. ராணுவ அணி, கடற்படை அணி, பேங்க் அணிகள்னு நாட்டோட பெரிய டீம் எல்லாம் இந்தச் சின்ன ஊருக்கு வந்து ஆடுறாங்க. ஃப்ளட் லைட்ல, ராத்திரி, குடும்பத்தோட வந்து உட்கார்ந்து பார்க்கிற கூட்டம். தாத்தா பார்த்த போட்டியைப் பேரன் பார்க்கிறான். எந்த கார்ப்பரேட் லீக்கும் கொண்டுவந்து கொடுத்தது இல்ல இது. ஊர்க்காரங்க வருஷா வருஷம் விடாம நடத்தினதுல வந்தது. பாஸ்கெட்பாலுக்கு முடிஞ்சது ஃபுட்பாலுக்கு முடியாதா?

ஒரு உள்ளூர் டீமுக்கு என்ன செலவுன்னு கணக்குப் போட்டா பயப்படுற அளவுக்கு இல்ல. ரெண்டு நல்ல பால், ஒரு செட் ஜெர்சி, கோடு போட சுண்ணாம்பு, ரெஃப்ரிக்கு ஃபீஸ், வெளியூர் போக வேன் வாடகை, ஒரு முதலுதவிப் பெட்டி. இதுக்கே கேப்டன் அண்ணன் தன் சம்பளத்துல கை வைக்கிறதுதான் பல ஊர்ல நடக்குது. அவருக்கு வேலை மாறினாலோ கல்யாணம் ஆனாலோ டீம் அப்படியே கலைஞ்சு போகும். கிரவுண்டும் அப்படித்தான். யாரும் ஆடாத, யாரும் பார்க்காத கிரவுண்டு ரொம்ப நாள் கிரவுண்டா இருக்காது. முதல்ல வண்டி நிறுத்துவாங்க, அப்புறம் ஜல்லி கொட்டுவாங்க, அப்புறம் கட்டடம் வரும். தினமும் சாயங்காலம் அம்பது பேர் கூடுற இடத்துல கை வைக்க யாரும் ரெண்டு தடவை யோசிப்பாங்க.

நாம இன்ஜினியரிங் படிக்கிறோம். பணம் இல்லாட்டியும் கைவசம் சரக்கு இருக்கு. ஒரு பழைய எல்இடி போர்டுல ஸ்கோர்போர்டு பண்ணலாம், மினி ப்ராஜெக்ட்டும் ஆச்சு. ஒரு போனும் ட்ரைபாடும் இருந்தா மேட்ச்சை லைவ் விடலாம். கிளாஸ்ல வாய் மூடாதவன் ஒருத்தன் நிச்சயம் இருப்பான், அவன்கிட்ட மைக்கைக் கொடுத்தா தேனித் தமிழ்ல கமென்ட்ரி ரெடி. மேட்ச் தேதி, கோல் போட்டவங்க பேர், பாயின்ட் டேபிள் எல்லாம் ஒரு ஷீட்ல ஏத்தி வெச்சாலே போதும், அந்த டீமுக்கு ஒரு வரலாறு ஆரம்பிச்சிரும். இப்ப பல டீமோட வரலாறு பழைய கேப்டன்களோட ஞாபகத்துல மட்டும்தான் இருக்கு.

கிளாஸ்ல படிக்கிற பொண்ணுங்களுக்கும் இது பொருந்தும், ஒருவேளை இன்னும் அதிகமாவே. பசங்க ஆடினா வேடிக்கை பார்க்கவாவது ஆள் நிக்கும். பொண்ணுங்க டீம் ஆடும்போது வெளியில நின்னு கைதட்ட இருபது பேர் இருந்தா, வீட்டுல "இனி போதும், படிப்பைப் பாரு"ன்னு சொல்ற குரல் கொஞ்சம் குறையும்.

ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடுறேன். சின்ன டீமுக்கு ரசிகனா இருந்தா நிறைய தோல்வி பார்க்கணும். 5-0ன்னு தோத்துட்டு வேன்ல யாரும் பேசாம வர்ற சாயங்காலம் வரும். ஆனா அந்தத் தோல்விக்கு அடுத்த வாரமே மருந்து உங்க கையில இருக்கும்: பிராக்டிஸுக்குப் போகலாம், பால் பொறுக்கிப் போடலாம், ஏன், ஆள் குறைஞ்சா நீங்களே இறங்கி ஆடலாம். ரியல் மாட்ரிட் உங்களை எப்பவும் சப்ஸ்டிட்யூட்டாக் கூப்பிடாது.

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போறப்ப ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புங்க. கிரவுண்டு எங்க இருக்குன்னு தெரியலன்னா டீக்கடையில விசாரிங்க, சொல்வாங்க. போய் பவுண்டரி லைன் பக்கத்துல நில்லுங்க. யாராவது கோல் போட்டா கொஞ்சம் சத்தமாவே கைதட்டுங்க. அவங்களுக்குக் கேட்கும்.