பாடினவன் பட்டினி! பரப்பினவன் வள்ளலா?

செவ்வாய்ப்பேட்டைக் கடைத்தெருவில் வெல்லம் வாங்கப் போனால், கடைக்காரர் ஒரு துண்டை உடைத்துக் கையில் கொடுத்து, “தின்று பாருங்கள், பிடித்தால் வாங்குங்கள்” என்பார். அஃது அவருடைய கொடை. அந்தத் துண்டுக்குரிய விலையை, ஆலையாட்டிக் காய்ச்சிய உழவனுக்கு அவர் கொடுத்தாயிற்று. “மூன்று திங்களாக உன் வெல்லத்தை வந்தவர்க்கெல்லாம் சும்மா கொடுத்தேன், ஆகவே அம் மூன்று திங்களுக்கும் உனக்குக் காசில்லை” என்று எந்த வணிகராவது உழவனிடம் சொல்வாரா? சொன்னால் பேட்டை பொறுக்குமா?

இதே பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் உள்ளன. புதுக்கடை திறக்கும் ஒருவர், முதல் நாள் வருவோர்க்கெல்லாம் ஓரிணைக் கொலுசு அன்பளிப்பு என்று அறிவிக்கலாம். ஆனால் அந்தக் கொலுசைப் பற்றவைத்தவனுக்கும் மெருகிட்டவனுக்கும் கூலி இல்லை என்று அறிவிக்க முடியாது. கொடுப்பவன் தன் கைப்பொருளைக் கொடுக்கவேண்டும். பிறன் உழைப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு வள்ளல் எனப் பெயர் வாங்கலாகாது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையார்க்கு உடைத்த கதையை நம் பாட்டிமார் அறிவர். வெல்லத்திற்கும் வெள்ளிக்கும் ஒவ்வாத அக் கதை, இசைக்கு மட்டும் ஒக்கும் என்று சொன்னவர்கள் உலகின் பெருஞ்செல்வர்கள்!

2015-ஆம் ஆண்டு சூன் 8-ஆம் நாள், அமெரிக்காவின் ஆப்பிள் நிறுவனம் இணையவழியாகப் பாட்டுக் கேட்பிக்கும் தன் புதிய அமைப்பை அறிவித்தது. சூன் 30-இல் இந்தியா உள்ளிட்ட நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் அது தொடங்கிற்று. அப்பொழுது இங்கே அதற்குத் திங்கட் கட்டணம் 120 உருபாவாக இருந்தது. முதல் மூன்று திங்கள் எவரும் காசின்றிக் கேட்கலாம் என்றனர். நல்லதுதானே என்பீர்கள். அம் மூன்று திங்களில் ஒலிக்கும் பாட்டுகளுக்கு, எழுதியவர்க்கும் இசையமைத்தவர்க்கும் பாடியவர்க்கும் ஒரு காசும் கிடையாது என்பதே அந்நிறுவனம் முதலில் வகுத்திருந்த ஏற்பாடு! அவ்வாண்டில் அதன் கையிருப்பு 19,000 கோடி அமெரிக்கத் தாலருக்கும் மேல். அத்துணைப் பெரிய பெட்டியைப் பூட்டி வைத்துக்கொண்டு, பாணன் மடியை அவிழ்த்து விருந்து வைக்கத் துணிந்தனர்.

இதனை எதிர்த்துச் சிறிய இசைப்பதிவு நிறுவனங்கள் குரலெழுப்பின. சூன் 21-இல் பாடகி தெய்லர் சுவிப்ட்டு வெளிப்படையாக ஒரு மடல் எழுதினார். தம் ‘1989’ என்னும் இசைத்தொகுப்பை அந் நிறுவனத்திற்குத் தரப்போவதில்லை என்றார். தமக்காகப் பேசவில்லை என்றும், முதற்பாட்டை வெளியிட்டுவிட்டு அதன் வருவாயை எதிர்நோக்கியிருக்கும் இளம் இசைஞர்க்காகவே பேசுவதாகவும் அதில் குறித்தார். ஒரே நாளில் மலை இறங்கி வந்தது. அந் நிறுவனத் தலைவர்களுள் ஒருவரான எடி கியூ, இலவயக் காலத்திற்கும் பணம் தருவோம் என்று அறிவித்தார்.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியவை இரண்டு. ஒன்று, அவர்கள் கொடுக்க முடியாமல் மறுக்கவில்லை; கேட்பார் இல்லை என்றே மறுத்தனர். மற்றொன்று, கேட்டவர் உலகப்புகழ் பெற்றவராதலின் அவர் மடல் படிக்கப்பட்டது. நம் இராசிபுரத்துப் பறையிசைஞனோ, ஆத்தூர்த் தெருக்கூத்தனோ அம் மடலை எழுதியிருந்தால் அதனை யார் பிரித்துப் பார்த்திருப்பார்?

அன்று அவர்கள் சொன்ன ஏதுக்களையும் எண்ணிப் பார்ப்போம். “இப்பொழுது விட்டுக்கொடுங்கள், பின்னர்க் கூடுதற் பங்கு தருவோம்” என்றனர். எவ்வளவு கூடுதல்? அமெரிக்காவில் வருவாயில் 70 விழுக்காடு இசைத்தரப்பினர்க்குத் தருவது பொதுவழக்கு. இவர்கள் தருவதாகச் சொன்னது 71.5 விழுக்காடு. ஒன்றரை விழுக்காட்டு ஆசைகாட்டி மூன்று திங்கள் முழுப்பட்டினி போடுவதா? ஒரு பாட்டு வெளிவந்த முதற்சில கிழமைகளிலேயே மிகுதியாகக் கேட்கப்படுகின்றது. அக்கிழமைகள் இலவயக் காலத்தில் கழிந்துவிட்டால், பின்னர் வரும் ஒன்றரை விழுக்காடு எதன்மேல் கணக்கிடப்படும்? அறுவடை முடிந்த வயலில் பங்கு பேசுவது போன்றதே அது.

“பாட்டுப் பரவினால் புகழ் வருமே” என்பது அடுத்த ஏது. தூண்டிலிற் கோத்த புழுவுக்கும் ஆற்றில் நல்ல புகழ்தான்! மீன் யார் கூடைக்குப் போகிறது?

“2015-இல் முடிந்த கதையை இன்று ஏன் கிளறுகிறீர்?” என வினவுவாரும் உளர். கதை முடியவில்லை, வேறு உரு எடுத்துள்ளது. 2019 பிப்பிரவரியில் இந்தியாவிற்கு வந்த சுபாட்டிபை நிறுவனத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் கட்டணம் கட்டாமலும், விளம்பரங்களைக் கேட்டுக்கொண்டே பாட்டுக் கேட்கலாம். கட்டணத்தாலும் விளம்பரத்தாலும் வருவதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு இசைத்தரப்புக்கென ஒதுக்கப்படுகின்றது. எந்தப் பாட்டு எத்துணை முறை ஒலித்தது என்ற அளவிற்கேற்ப அது பிரிக்கப்படும். அப் பங்கும் பாடியவன் கைக்கு நேரே போவதில்லை. பதிவு நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொண்டு, ஒப்பந்தம் சொல்லுமளவே அவனுக்குத் தரும். காசின்றிக் கேட்போர் பெருகப் பெருக, ஒரு முறை ஒலிப்பதற்கு விழும் காசு சிறுத்துக்கொண்டே போகும்.

இன்னும் கேளுங்கள். 2024-ஆம் ஆண்டு முதல் அந்நிறுவனத்தில் ஒரு புது நெறி: முந்திய பன்னிரு திங்களில் 1,000 முறையேனும் கேட்கப்படாத ஒலிப்பதிவிற்குப் பங்கே கிடையாது. 999 பேர் கேட்டாலும் சுழி! அப் பணத்தைத் தாங்கள் வைத்துக்கொள்ளவில்லை, மிகுதியாகக் கேட்கப்படும் பிற பாட்டுகளுக்கே தருகிறோம் என்கின்றனர். ஏழை குடிக்க வேண்டிய கஞ்சியைச் செல்வன் இலையில் ஊற்றிவிட்டு, நான் குடிக்கவில்லை என்பது என்ன அறம்? கொல்லிமலையில் ஒருவர் பாடிப் பதிந்த மலைப்பாட்டை எண்ணூறு தமிழர் தேடிக் கேட்டனர் எனில், அந்த எண்ணூறு பேரின் செவிக்கு விலை இல்லையா?

அக் கொல்லிமலை, இசைஞனை எவ்வாறு போற்ற வேண்டும் என்று உலகிற்குக் கற்பித்த மலை. அதன் தலைவன் வல்வில் ஓரியைப் புறநானூற்றில் வன்பரணர் பாடியுள்ளார். காட்டில் வேட்டையாடிக் கொண்டிருந்தவனை இன்னானென அறியாமலே பாணர் கூட்டம் எதிர்ப்பட்டுப் பாடியது. தன் பெயர் பாட்டில் வரக் கேட்டு அவன் நாணினான். தான் எய்த மானின் தசையைச் சமைத்து ஊட்டினான். தன் மலையிற் பிறந்த பொன்னை அள்ளித் தந்தான். நோக்குக: தன் வேட்டை, தன் மலை, தன் பொன்! பிறனுடைய மானை அவன் பிடித்துக் கொடுக்கவில்லை. பரிசில் பெற்ற பாணன் பெறாத பாணனுக்கு வழிகாட்டுவதையே ஆற்றுப்படை என்னும் தனித் துறையாக வளர்த்த இனம் நம் இனம். “கலைக்கு விலையில்லை” என்ற பொன்மொழியைக் கலைஞன் சொல்லலாம். கேட்டவன் சொன்னால் அது ஏமாற்று.

இடைக்காலத்தில் அந்நெறி சிதைந்தது. சேலத்து ஏற்காட்டுச் சாலையில் இன்று நுழைவாயில் வளைவு மட்டும் எஞ்சி நிற்கும் மாடர்ன் தியேட்டர்சில் நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் உருவாயின. 1950-இல் வந்த ‘மந்திரிகுமாரி’க்கு மருதகாசியும் கா.மு. செரீப்பும் பாட்டெழுதினர். பட்டுக்கோட்டை கலியாணசுந்தரமும் அந் நிறுவனப் படத்திற்கு எழுதினார். அந்நாளைய திரைத்துறை வழக்கில், பாட்டுக்கு ஒரு தொகை. அத்தோடு கணக்குத் தீர்ந்தது. படமெடுத்தவரே பாட்டுக்கும் உரிமையாளர் என 1977-இல் உச்ச முறைமன்றமும் உரைத்தது. பாட்டு எழுபதாண்டு வாழ்ந்தும், எழுதியவன் ஒருமுறை கூலியோடு நின்றான்.

2012-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் இதனை மாற்ற முயன்றது. மாநிலங்களவையில் இந்திப் பாவலர் சாவேத்து அக்தர் இதற்காக வாதாடினார். திரையரங்கிற்கு வெளியே பாட்டு எவ்வழியிற் பயன்பட்டாலும் பாவலர்க்கும் இசையமைப்பாளர்க்கும் ஒத்த பங்கு உண்டு. அப் பங்கை அவரே விட்டுக்கொடுப்பதாக எழுதித் தந்தாலும் செல்லாது என்பது அச்சட்டத்தின் உயிர்நாடி. பாடுவோர்க்கும் பங்குரிமை உண்டு. அச்சட்டத்திலோ ‘இலவயக் காலம்’ என்றொரு விலக்கு இல்லை. ஆனால் இவ்வுரிமை தமக்கு உண்டென்பதையே நம் நாட்டுப்புறப் பாடகருள் எத்துணைப் பேர் அறிவர்? ஆங்கிலத்தில் நீட்டிய தாளில் கையொப்பமிட்டுவிட்டு வருவோர் எத்துணைப் பேர்!

அயலவனை மட்டும் பழிப்பது எளிது, அன்பர்களே. நம் முற்றத்தையும் பார்ப்போம். சில ஆண்டுகட்கு முன் இங்கே ஒரு தமிழ்விழா. நானும் அதன் குழுவில் இருந்தேன். பந்தற்காரர்க்கு முன்பணம் கொடுத்தோம். ஒலிபெருக்கிக்காரர்க்குக் கேட்ட தொகையைக் கொடுத்தோம். சுவரொட்டி அடித்தவர்க்கு அன்றே தீர்த்தோம். பறையறைந்து அவையை எழுப்பிய எண்மர்க்கும் பொன்னாடை போர்த்தி, ‘தமிழ்த்தொண்டு’ எனப் பாராட்டிக் கைதட்டினோம். விழா முடிந்தபின் அவர்களுள் மூத்தவர் தனியே வந்து, தாழ்ந்த குரலில், “ஐயா, வண்டிக்கூலிக்கு ஏதாவது…” என்றார். தமிழினத் தொல்லிசையின் பெருமையை மேடையில் ஒரு மணி நேரம் முழங்கிய என் நா, அப்பொழுது எழவில்லை. நாங்களும் இலவயக் காலம் நடத்தியவர்களே! ஆப்பிளுக்கு மூன்று திங்கள். நமக்கு ஆண்டு முழுவதும்.

ஆகவே இரு முனையிலும் போராட வேண்டும். இலவயமாகக் கொடுக்க விரும்பும் நிறுவனம், ஒலிக்கும் ஒவ்வொரு பாட்டுக்கும் தன் பெட்டியிலிருந்து கொடுக்கவேண்டும். ஆயிரத்திற்குக் குறைந்தால் சுழி என்னும் நெறி ஒழியவேண்டும். ஒப்பந்தமும் கணக்கும் பாடுவோர்க்குத் தமிழில் தரப்படவேண்டும். நம் விழாக்களிலோ, பொன்னாடைக்கு முன்னே கூலி கைக்குப் போகவேண்டும். தர இயலாதெனில் இசைஞரை அழைக்காதிருப்போம்.

பாணனைப் பட்டினி போட்ட இனம் பாட்டை இழக்கும். பாட்டை இழந்த இனம் மொழியை இழக்கும். அடுத்த விழாவிற்கு வரவுசெலவுத் தாள் எழுதும்போது, முதல் வரியில் இசைஞர் ஊதியத்தை எழுதுங்கள். பந்தல் சிறுத்தாலும் பழியில்லை.