ஃபாக்ஸ்புரோவைத் தூக்கிப் போடணுமா?

பி.காம். படிக்கிறவனுக்கு புரோகிராம் பத்தி என்ன தெரியும்னு கேக்காதீங்க. எங்க மாமா ஆரணி பக்கம் ஒரு ரைஸ் மில்லில் கணக்கு எழுதறார். லீவு நாளில் திருவண்ணாமலையிலிருந்து பஸ் ஏறி அவருக்கு ஒத்தாசைக்குப் போவேன். அந்த தைரியத்துல எழுதறேன்.

மில்லில் பில் போடறது பழைய ஃபாக்ஸ்புரோவில். மவுஸ் கிடையாது. ஆனா மாமா விரல் ஓடற வேகம் இருக்கே... பார்ட்டி பேர்ல ரெண்டெழுத்து, மூட்டை, ரேட், என்டர். டாட் மேட்ரிக்ஸ் கரகரன்னு பில்லைத் துப்பிடும். இனி புது ஃபாக்ஸ்புரோ வராதுன்னு மைக்ரோசாஃப்ட் 2007லேயே சொல்லிடுச்சு. அது மில்லுக்குத் தெரியவே தெரியாது :-)

வம்பு வந்தது ஜிஎஸ்டியில். லேபிள் போட்ட 25 கிலோ வரையிலான அரிசிப் பைக்கு 2022 ஜூலை 18 முதல் 5% வரி. (உடனே கடைகளில் 26 கிலோ மூட்டை முளைச்ச கதை வேற!) 2023 ஆகஸ்ட் 1 முதல், 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் இருந்தா வியாபாரிகளுக்குப் போடற வரி பில்லுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயம். அதாவது பில் விவரத்தை ஜேசான் வடிவத்தில் அரசு சர்வருக்கு அனுப்பணும். அது 64 எழுத்து ஐஆர்என் நம்பரும் க்யூஆர் கோடும் திருப்பித் தரும். அது இல்லைன்னா சட்டப்படி பில்லே இல்லை.

மில்லில் என்ன பண்ணாங்க? ஃபாக்ஸ்புரோவில் ஒரு தடவை, அதைப் பார்த்து பக்கத்து கம்ப்யூட்டரில் இன்னொரு தடவை டைப். ரெண்டு மெஷினுக்கும் நடுவில வயர் யாருன்னா, மாமாதான். ஒரு நாள் 45,600ஐ 46,500னு அடிச்சிட்டார். ரத்து செய்ய 24 மணி நேரம்தான் டைம். நாங்க பார்த்தப்போ அது தாண்டியாச்சு. கிரெடிட் நோட், கடைக்காரர்கிட்ட திட்டு... அத்தனை வருஷம் கணக்கு எழுதின மனுஷன் என் முன்னாடி தலை குனிஞ்சு நின்னார். எனக்குத் தாங்கலை.

"பழசைத் தூக்கிப் போட்டுட்டு டேலி பிரைம் வாங்குங்க"ங்கறார் ஆடிட்டர். டேலியிலிருந்து நேராவே பதியலாம், வாஸ்தவம்தான். ஆனா கூலி அரவை, சாக்கு பாக்கி, தவிட்டுக் கணக்குன்னு அந்த மில்லுக்குன்னே எழுதின புரோகிராம் அது. வங்கிக்காரங்க கோபாலைத் தூக்கிப் போட்டாங்களா? (ஆள் பேர் இல்லைங்க, கம்ப்யூட்டர் மொழி.) கோபால் புரோகிராம் வெப் சர்வீஸைக் கூப்பிட ஐபிஎம் 2005லேயே சிஐசிஎஸ் 3.1ல வழி பண்ணிக் கொடுத்தது.

மில்லுக்கு அவ்வளவுகூட வேணாம். ஃபாக்ஸ்புரோவோட டிபிஎஃப் ஃபைலை வேற புரோகிராமும் படிக்கும். சோர்ஸ் கோடு தொலைஞ்சிருந்தாலும் கவலையில்லை. பக்கத்து கம்ப்யூட்டரில் ஒரு சின்ன புரோகிராம் புது பில்லைப் படிச்சு, ஜேசானாக்கி, முறைப்படி லாகின் பண்ணி அனுப்பி, வந்த நம்பரைப் பத்திரப்படுத்தினா போதும். அதைப் பழைய மெஷினிலேயே வைக்கலாமேன்னா, விண்டோஸ் எக்ஸ்பியில் டிஎல்எஸ் 1.2 கிடையாது. வாசலிலேயே கதவைச் சாத்திடுவாங்க.

பிரின்டர்தான் இடிக்கும். 80 எழுத்து வரியில் ஐஆர்என் ஜம்முனு உட்காரும். எழுத்து மட்டும் அடிக்கிற புரோகிராம் க்யூஆர் கோடுக்கு என்ன பண்ணும்? அந்த பில்லை மட்டும் லேசரில் எடுத்துக்க வேண்டியதுதான்.

பி.சி.ஏ. படிக்கிற நண்பன் எழுதித் தர்றேன்னு சொல்லியிருக்கான். முதலாளி யோசிச்சு சொல்றேன்னார். மாமா இன்னிக்கும் ரெண்டு தடவை அடிச்சிட்டிருக்கார்.